கம்ப்யூட்டர் வாங்கியாச்சு... மல்டிமீட்டர் வாங்கியாச்சா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் கூடவே என்னென்ன வாங்குகிறார்கள்? ஸ்பீக்கர், பென் டிரைவ், மவுஸ் பேட். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் யுபிஎஸ் வாங்குவார். மல்டிமீட்டர் கேட்டு வாங்கியவரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் ஒரு வருடம் கழித்து ஒரு நாள் காலையில் பவர் பட்டனை அழுத்தியும் ஒரு சத்தமும் வராமல் போகும்போது, பழுது எஸ்எம்பிஎஸ்ஸிலா, மதர்போர்டிலா, அல்லது சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டிலா என்று சொல்லக்கூடிய ஒரே பொருள் அதுதான். அது கையில் இல்லாதவர் மூன்றையும் மாற்றிவிட்டு, மூன்றுக்கும் பணம் கொடுப்பார்.

நான் படித்தது ஈசிஇ. பார்ப்பது சாப்ட்வேர் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மேஜையில் சால்டரிங் அயனும் ஒயர் துண்டுகளும் வந்துவிடும். நண்பர்கள் பலர் என்னிடம், "எலக்ட்ரானிக்ஸ் ஹாபி ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். என்னென்ன கருவி வாங்க வேண்டும், ஒரு லிஸ்ட் கொடு" என்று கேட்கிறார்கள். லிஸ்ட் கொடுத்தால் மொத்தமாக இருபதாயிரம் ரூபாய்க்கு வாங்கிவிட்டு, பாதியை உறை கூடப் பிரிக்காமல் வைத்திருப்பார்கள். எனவே இங்கே லிஸ்ட் கிடையாது. முதலில் ஒரு நல்ல மீட்டர் வாங்குங்கள். இரண்டாவது கருவி ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கிறது. அது உங்கள் கம்ப்யூட்டர்தான். மற்றவை எல்லாம் தேவை வரும்போது பார்த்துக் கொள்ளலாம்.

கோவைக்காரர்களின் கருவி

நம் கொங்கு மண்டலத்தில் கருவி என்பது புதிய விஷயம் இல்லை. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வரத் தொடங்கிய பிறகு மில்கள் பெருகின. மில்லுக்கும் தோட்டத்துக் கிணற்றுக்கும் மோட்டார் தேவைப்பட்டது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உருவாக்கியதுதான் இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டார் என்று சொல்வார்கள். மோட்டார் வந்தால் காயில் எரியும். காயில் எரிந்தால் வைண்டிங் கடை வரும். இன்றும் கணபதி, பீளமேடு பக்கம் போனால் வைண்டிங் பட்டறைகளைப் பார்க்கலாம். அந்தப் பட்டறைகளின் கருவிகள் மூன்று: டெஸ்ட் லாம்ப், மெக்கர், டாங் டெஸ்டர்.

என் பெரியப்பா ஒரு வைண்டிங் கடை வைத்திருக்கிறார். நான் முதன்முதலில் மீட்டர் வாங்கிக் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் சொன்னது: "ஏன் கண்ணு, ஒரு ஹோல்டரு, ஒரு குண்டு பல்பு, ரெண்டு ஒயரு. இதுல தெரியாததா உன்ற மீட்டர்ல தெரியப் போகுது?"

மோட்டாரைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. ஆனால் அதே டெஸ்ட் லாம்பைக் கம்ப்யூட்டர் போர்டில் வைத்துப் பார்க்கும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். இது ஆபத்து. 100 வாட் பல்பு 230 வோல்ட்டில் சுமார் 0.4 ஆம்பியர் கரண்டை விடும். பிராசஸருக்குள் ஓடுவது ஏறக்குறைய 1 வோல்ட்தான். இரண்டும் சந்தித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மெக்கர் இன்னும் மோசம். காயிலின் இன்சுலேஷனைச் சோதிக்க அது 500 வோல்ட் கொடுக்கும். கம்ப்யூட்டரின் எந்த போர்டிலும் மெக்கரை வைக்க விடாதீர்கள், வைப்பவர் எத்தனை வருட அனுபவசாலியாக இருந்தாலும் சரி.

சிபியு பெட்டியைத் தொட்டால் ஜிவ்வென்கிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். பெட்டியின் பின்பக்கம் பெயின்ட் இல்லாத இடத்தில் கை பட்டால் லேசாக ஷாக் அடிக்கும். வெறும் காலுடன் ஈரத் தரையில் நின்றால் நன்றாகவே தெரியும்.

அன்னூர் பக்கம் எங்கள் சொந்தக்காரர் வீட்டில் இதே பிரச்னை. ப்ளஸ் டூ படிக்கும் பெண்ணுக்காக வாங்கிய கம்ப்யூட்டர். அந்தப் பெண் பெட்டியைத் தொடவே பயப்பட ஆரம்பித்துவிட்டாள். பெரியப்பாவும் நானும் போனோம். அவர் டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை நியூட்ரலிலும் மறுமுனையைப் பெட்டியின் ஸ்க்ரூவிலும் வைத்தார். பல்பு எரியவில்லை. "கரண்டே இல்லை, புள்ளை பயந்துக்குது" என்றார். அதே இரண்டு இடத்தில் நான் மீட்டரை வைத்தேன். 112 வோல்ட் காட்டியது.

எது பொய்? இரண்டுமே பொய் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் பில்டர் ஒன்று இருக்கும். அதில் பேஸிலிருந்து பெட்டிக்கு ஒரு சின்ன கெப்பாசிட்டர், நியூட்ரலிலிருந்து பெட்டிக்கு அதே அளவில் இன்னொன்று. பெட்டி எர்த்தில் இணைந்திருந்தால் அந்தச் சிறு கசிவு எர்த்துக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி இரண்டு கெப்பாசிட்டருக்கும் நடுவில் தொங்கும். 230 வோல்ட்டில் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட். ஆனால் அந்தச் சின்ன கெப்பாசிட்டர் விடும் கரண்ட் பொதுவாக அரை மில்லி ஆம்பியர் கூட இருக்காது. பல்பின் இழையைச் சிவக்க வைக்க அது போதாது. மீட்டரின் உள்தடை சுமார் 1 கோடி ஓம் என்பதால், அந்தச் சிறு கசிவையும் அது வோல்ட்டாகக் காட்டிவிடுகிறது. மீட்டருக்கும் பல்புக்கும் நடுவில் நம் விரல்.

அப்படியானால் பயப்பட வேண்டாமா? கசிவுக்குப் பயப்பட வேண்டாம். எர்த் இல்லாததற்குப் பயப்பட வேண்டும். நாளைக்கு எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஒரு ஒயர் உரிந்து பெட்டியில் பட்டால், அப்போது பெட்டியில் வருவது அரை மில்லி ஆம்பியர் இல்லை. தொட்டவர் உயிருக்கு ஆபத்து.

அடுத்து பெரியப்பா செய்ததை என் மீட்டரால் அத்தனை உறுதியாகச் செய்திருக்க முடியாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பேஸிலும் எர்த் ஓட்டையிலும் டெஸ்ட் லாம்பை வைத்தார். எரியவில்லை. சுவர் பிளக்கில் அதே போல் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. (ஆர்சிசிபி போட்ட வீட்டில் இப்படிச் செய்தால் அது டிரிப் ஆகிவிடும்.) மீட்டர் மட்டும் வைத்தால், அறுந்து இற்றுப்போன எர்த் கூட 230 வோல்ட் காட்டி ஏமாற்றலாம். பல்பு கரண்டை இழுத்துப் பார்ப்பதால் ஏமாறாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கழற்றினால் உள்ளே இரண்டே ஒயர். எர்த் பின்னுக்கு ஒன்றும் போகவில்லை. மூன்று ஒயர் உள்ள நல்ல பாக்ஸ் ஒன்று வாங்கி மாட்டியதும் மீட்டர் 2 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது.

"ரெண்டும் நெசந்தான் சொல்லியிருக்குது" என்றார் பெரியப்பா. இப்போது அவர் கடையிலும் ஒரு டிஜிட்டல் மீட்டர் இருக்கிறது. டெஸ்ட் லாம்பும் இருக்கிறது.

மீட்டர் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

1923இல் இங்கிலாந்தில் டொனால்ட் மெக்கேடி என்ற தபால்துறை இன்ஜினியர், டெலிபோன் லைனைச் சோதிக்கத் தனித்தனி மீட்டர்களைத் தூக்கிச் சுமந்து அலுத்துப்போய், ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அடைத்தார். அதுதான் ஆவோ மீட்டர். அதைத் தயாரித்து விற்ற கம்பெனி காயில் சுற்றும் மெஷின் செய்யும் கம்பெனி! வைண்டிங்குக்கும் மீட்டருக்கும் உள்ள உறவு அன்றிலிருந்தே இருக்கிறது.

இன்று 200, 300 ரூபாய்க்கு மஞ்சள் நிறத்தில் ஒரு மீட்டர் எல்லாக் கடைகளிலும் தொங்குகிறது. பேட்டரி, அடாப்டர், ஒயர் தொடர்ச்சி பார்க்க அது போதும். ஆனால் அதைச் சுவர் பிளக்கில் வைக்காதீர்கள். அதன் 10 ஆம்பியர் துளைக்குப் பெரும்பாலும் பியூஸே இருக்காது. சிவப்பு ஒயர் அந்தத் துளையில் இருக்கும்போது பிளக்கில் வைத்தால் நேரடி ஷார்ட். மீட்டர் கையிலேயே வெடிக்கும்.

பிளக் பாயின்ட்டையும் சோதிக்க வேண்டும் என்றால் 1,000 முதல் 2,500 ரூபாய் வரை செலவு செய்யுங்கள். மீட்டரின் துளைகளுக்குப் பக்கத்தில் சிஏடி என்ற மூன்று எழுத்தும் ஒரு ரோமன் எண்ணும் அச்சிட்டிருக்கும். வீட்டு பிளக்குக்கு 2, மெயின் போர்டு வரை போவதாக இருந்தால் 3. அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். கடைக்காரரிடம் கேட்டுப் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பீங்கான் பியூஸ் இருந்தால் நல்லது. விரல் நீளத்தில் பாதி கூட இல்லாத கண்ணாடி பியூஸ் இருந்தால் சந்தேகப்படுங்கள். நான் இணையத்தில் ஆர்டர் செய்த மீட்டர் ஒன்றின் படத்தில் பீங்கான் பியூஸ் இருந்தது. வந்த மீட்டரில் கண்ணாடி இருந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன். இந்த ஒரு காரணத்துக்காகவே முதல் மீட்டரைக் காந்திபுரம் பக்கம் உள்ள எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு நேரில் போய்க் கையில் எடுத்துப் பார்த்து வாங்கச் சொல்வேன். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது.

இன்னொரு வார்த்தை 'ட்ரூ ஆர்எம்எஸ்'. இது இல்லாத மீட்டர் ஏசி என்றால் அழகான சைன் அலைதான் என்று நினைத்துக் கணக்குப் போடும். பழைய வகை இன்வெர்ட்டர்கள் சதுர அலை கொடுப்பவை. அதில் இத்தகைய மீட்டரை வைத்தால் உண்மையை விட 11 சதவீதம் கூடுதலாகக் காட்டும். 220 வோல்ட் இருந்தால் 244 என்று சொல்லும். 2012இல் பல மணி நேர மின்வெட்டில் கோவையே தவித்தபோது வாங்கிய இன்வெர்ட்டர் இன்னும் வீட்டில் இருந்தால், அதைச் சோதிக்க ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர்தான் சரி.

கம்ப்யூட்டரை ஆன் செய்ய முடியவில்லையா?

மீட்டர் வாங்கிய அன்றே செய்து பார்க்கக்கூடியது இது. பெட்டியின் பக்க மூடியைத் திறந்தால் மதர்போர்டில் 24 பின் கொண்ட பெரிய கனெக்டர் தெரியும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை கறுப்பு ஒயரில். பிளக் சுவிட்சையும் எஸ்எம்பிஎஸ்ஸின் சுவிட்சையும் போட்டுவிட்டு, பவர் பட்டனை அழுத்தாமலே ஊதா ஒயரில் சிவப்பு முனையை வையுங்கள். 5 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் முதலில் பிளக்கைப் பாருங்கள். பிளக் சரியாக இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸைத்தான் சந்தேகிக்க வேண்டும். வந்தால் பட்டனை அழுத்திவிட்டு மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வருகிறதா என்று பாருங்கள். 5 சதவீதம் வரை கூடக் குறைய இருக்கலாம். மஞ்சளில் 11.4க்குக் கீழே இறங்கினால் எஸ்எம்பிஎஸ் ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம். (சில புதிய எஸ்எம்பிஎஸ்களில் எல்லா ஒயரும் கறுப்பாகவே இருக்கும். அதற்குப் பின் வரிசைப் படத்தைத் தேடி எடுத்துக் கொள்ளுங்கள்.)

கடிகாரம் தினமும் தவறாகக் காட்டுகிறதா? மதர்போர்டில் வட்டமான பட்டன் பேட்டரி இருக்கும். 3 வோல்ட் இருக்க வேண்டியது 2.5 அளவுக்கு இறங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே ஒரு பெரிய கெப்பாசிட்டர் சுமார் 325 வோல்ட் டிசியைப் பிடித்து வைத்திருக்கும், ஒயரைக் கழற்றிய பிறகும் சிறிது நேரத்துக்கு. பழுது பார்ப்பவர்கள் சரிசெய்த எஸ்எம்பிஎஸ்ஸை முதல் தடவை ஆன் செய்யும்போது வரிசையில் ஒரு 100 வாட் குண்டு பல்பை மாட்டுவார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், எஸ்எம்பிஎஸ் பிழைக்கும். பெரியப்பாவின் பல்பு எலக்ட்ரானிக்ஸுக்கும் பயன்படுகிறது, ஆனால் வேறு இடத்தில்.

கம்ப்யூட்டரே ஒரு கருவி

மீட்டர் எண்ணைச் சொல்லும், அலையின் உருவத்தைக் காட்டாது. அதைக் காட்டுவது ஆசிலாஸ்கோப். நான்கு சேனல் உள்ள ஒரு நல்ல டிஜிட்டல் ஸ்கோப் இங்கே வந்து சேரும்போது முப்பதாயிரம் ரூபாயைத் தாண்டும். புதியவருக்கு அது வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டு ஒரு நொடிக்கு 44,100 தடவை சிக்னலை அளக்கிறது. 20 ஹெர்ட்ஸ் முதல் சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை அதில் பார்க்கலாம்.

ஒயரே தொடாமல் ஒரு சோதனை. ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரை நிறுவுங்கள். வீட்டு வெட் கிரைண்டருக்குப் பக்கத்தில் மைக்கை வைத்துப் பத்து நொடி பதிவு செய்யுங்கள். அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் கிளிக் செய்யுங்கள். 100 ஹெர்ட்ஸில் ஒரு சிகரம் நிற்கும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்தானே, இது எப்படி 100? காந்தம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை இழுக்கிறது, அதனால். கிரைண்டரில் பேரிங் தேய்ந்தால் வேறு இடங்களில் புதிய சிகரங்கள் முளைப்பதையும் பார்க்கலாம். புவிசார் குறியீடு வாங்கிய கோயம்புத்தூர் கிரைண்டரைச் சோதிக்க இதைவிட மலிவான வழி இல்லை.

ஒயர் கொடுத்துப் பார்ப்பதாக இருந்தால் மைக் இன்புட்டுக்கு 1 வோல்ட் கூட அதிகம். சவுண்ட் கார்டில் டிசியும் தெரியாது. இந்தக் குறைகளைத் தீர்க்க நம் நாட்டிலேயே ஒரு கருவி இருக்கிறது, பெயர் எக்ஸ்ப்ஐஸ். டெல்லியில் உள்ள இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டரில், பி.பி. அஜித் குமார் முன்னின்று நடத்திய பீனிக்ஸ் திட்டத்தில் உருவானது. உள்ளங்கை அளவுப் பெட்டி. யுஎஸ்பியில் சொருகினால் கம்ப்யூட்டர் வோல்ட் மீட்டராகவும் ஸ்கோப்பாகவும் அலை உண்டாக்கும் கருவியாகவும் மாறும். 17 என்ற எண் கொண்ட மாடலில் இரண்டு துளைகள் 16 வோல்ட் வரை தாங்கும், நொடிக்கு 10 லட்சம் தடவை வரை அளக்கும். சாப்ட்வேர் இலவசம். பைத்தான் தெரிந்தால் நீங்களே புரோகிராம் எழுதலாம். கல்லூரி லேபுக்காகச் செய்தது என்றாலும் வீட்டுக்கும் மிகப் பொருத்தம். என் சிபாரிசில் மீட்டருக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

கம்ப்யூட்டரைக் கருவியாக்கும் எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கை. டெஸ்க்டாப்பின் கிரவுண்ட், எர்த் ஒயர் வழியாகச் சுவரோடு சேர்ந்தது. அதை 230 வோல்ட் ஓடும் எந்த சர்க்யூட்டிலும் இணைக்காதீர்கள். தடை போட்டுக் குறைத்துவிட்டேன் என்றாலும் வேண்டாம். போர்டோடு உங்கள் மதர்போர்டும் போகும், நீங்களும் போகலாம்.

கைக்கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 25 வாட் சால்டரிங் அயன், 60/40 சால்டர் லெட், ஒரு நோஸ் பிளேயர், ஒரு கட்டர், நல்ல ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்று. ஸ்க்ரூடிரைவரில் மட்டும் காசு பார்க்காதீர்கள். மட்டமான முனை ஸ்க்ரூவின் தலையைத் தின்றுவிடும்.

பழைய ஸ்கோப் கிடைத்தால்

அவிநாசி சாலையில் ஹோப் காலேஜ் என்று பஸ் ஸ்டாப் இருக்கிறது. ஹோப் காலேஜ் எங்கே என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. 1945இல் ஆர்தர் ஹோப் பெயரில் ஜி.டி. நாயுடுவின் முயற்சியால் தொடங்கிய கல்லூரி அது. பின்னால் அதுதான் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாகி, தடாகம் சாலைக்குப் போனது. 1951இல் பிஎஸ்ஜி டெக், 1956இல் சிஐடி. அதற்குப் பிறகு வந்த தனியார் கல்லூரிகளை எண்ணி முடியாது. இத்தனை கல்லூரி இருந்தால் இத்தனை லேப் இருக்கும். லேபைப் புதுப்பிக்கும்போது பழைய டியூப் ஸ்கோப்கள் ஏலத்துக்கு வரும். அங்கிருந்து உக்கடம் பக்கத்துப் பழைய இரும்புக் கடைக்கும் போகும். எடைக்கு எடை இரும்பு விலையில் கூடக் கிடைக்கலாம்.

ஆசைப்பட்டு வாங்கலாம், ஆனால் கடையிலேயே ஆன் செய்து பாருங்கள். ஆன் செய்ய விடாத கடையில் வாங்காதீர்கள். பத்து நிமிடம் சூடாக விடுங்கள். கோடு மெல்லியதாக, கூர்மையாக வர வேண்டும். ஒரே இடத்தில் திரை எரிந்து பழுப்பாக இருந்தால் வேண்டாம். முன்பக்கத்தில் 'கேல்' என்று எழுதிய சிறு கொக்கி இருக்கும். புரோபை அங்கே மாட்டினால் பெரும்பாலான மாடல்களில் 1 கிலோ ஹெர்ட்ஸ் சதுர அலை வரும். வந்தால் பாதி பரீட்சை பாஸ். ஒவ்வொரு குமிழாகத் திருப்புங்கள். அலை குதித்தால் உள்ளே தூசிதான், காண்டாக்ட் கிளீனர் அடித்தால் சரியாகிவிடும். புரோப் இல்லாமல் கொடுத்தால் அதன் விலையைக் கழித்துக் கேளுங்கள். புதிய புரோப் ஒன்றே பல நூறு ரூபாய். மூடியை மட்டும் நீங்களாகத் திறக்க வேண்டாம், டியூபுக்குப் போகும் ஒயரில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும். எடை பத்து கிலோவுக்குப் பக்கம் வரும். டூவீலரில் போவதாக இருந்தால் பழைய மெத்தைத் துண்டு ஒன்றும் கயிறும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.